கை நடுங்கினால் எல்லாம் பார்க்கின்சன் அல்ல: குடும்பத்தார் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்



புதுச்சேரி முல்லா வீதிப் பக்கம் ஜும்ஆ முடிந்து பெரியவர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் காட்சி நமக்குப் பழக்கமானது. அவர்களில் ஒருவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். "என்ன வாப்பா, கை நடுங்குதே?" என்று மகன் கேட்டால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர், "இது பார்க்கின்சன்தான், குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு இருந்ததே, அதேதான்" என்பார்.

முஹம்மது அலிக்குப் பார்க்கின்சன் பாதிப்பு இருப்பது 1984-ல் கண்டறியப்பட்டது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது. அன்றிலிருந்து நம் மக்கள் மனத்தில் நடுக்கம் என்றாலே பார்க்கின்சன் என்று பதிந்துவிட்டது. ஆனால் 'வயசாச்சு' என்பதும் 'பார்க்கின்சன்' என்பதும் இரண்டுமே தவறாக இருக்க வாய்ப்புண்டு. நடுக்கம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணம் இருப்பது போல நடுக்கத்துக்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சில அரிதானவை. அந்த அரிதானவற்றுள் சில, சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் முழுமையாகக் கட்டுப்படுத்தக் கூடியவை. தவறவிட்டால் உயிரையே பறிக்கக் கூடியவை.

நாம் மருத்துவர்கள் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலையும் இல்லை. ஆனால் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் நாம்தான். மருத்துவர் பத்து நிமிடம் பார்ப்பதை நாம் நாள் முழுக்கப் பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் மருத்துவரின் வேலை பாதி சுலபமாகும்.

இறகு வைத்த தொப்பி

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு அவர் பெயரையே வைக்க வேண்டும் என்று சொன்னவர், பாரிஸில் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்த்தன் ஷார்கோ. அவர் செய்த பெரிய காரியம் இன்னொன்று: எல்லா நடுக்கமும் ஒன்றல்ல என்று காட்டினார். கை சும்மா இருக்கும்போது நடுங்குவது ஒரு வகை, வேலை செய்யும்போது நடுங்குவது வேறு வகை என்று பிரித்தார். வெவ்வேறு நோய் உள்ளவர்களின் தலையில் நீண்ட இறகு வைத்த தொப்பியை அணிவித்து, ஒவ்வொருவரின் நடுக்கமும் எப்படி மாறுபடுகிறது என்று மாணவர்களுக்குக் காட்டினார்.

நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். ஷார்கோவுக்கு இறகு தேவைப்பட்டது. நம் கையில் செல்போன் இருக்கிறது. அதில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ, இறகு காட்டியதைவிடத் தெளிவாகக் காட்டும். இனி அந்த ஐந்து கேள்விகளைப் பார்ப்போம்.

1. எப்போது நடுங்குகிறது?

டிவி பார்த்துக்கொண்டு கையை மடியில் போட்டிருக்கும்போது நடுங்கி, ஒரு பொருளை எடுக்கப் போனதும் குறைந்தால், அது ஓய்வு நடுக்கம். பார்க்கின்சனில் பெரும்பாலும் இதுதான் வரும். முதலில் ஒரு பக்கக் கையில் தொடங்கும். கூடவே நடை மெதுவாகும், கையெழுத்து சிறுத்துப் போகும், முகத்தில் பாவம் குறையும்.

கையை நீட்டினாலோ, கரண்டியையோ டீ கிளாஸையோ பிடித்தாலோ நடுங்கினால் அது செயல் நடுக்கம். இதில் மிகப் பரவலானது, காரணம் சொல்ல முடியாத பரம்பரை நடுக்கம். உம்மாவுக்கும் இருந்தது, மாமாவுக்கும் இருக்கிறது என்பார்கள். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் விரல் நுனிகளில் வேகமான மெல்லிய நடுக்கம் வரும். கூடவே படபடப்பு, எடை குறைவு, அதிக வியர்வை இருக்கும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை இதைச் சொல்லிவிடும்.

பொருளை நெருங்க நெருங்க நடுக்கம் பெரிதானால், அதாவது சாவியைப் பூட்டில் நுழைக்கும் கடைசி நொடியில் கை தாறுமாறாக ஆடினால், சிறுமூளையில் கோளாறு இருக்கலாம். பக்கவாதம் வந்து தேறியவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் மெதுவாகவும் பெரிதாகவும் ஆடும் நடுக்கம் புதிதாக வருவதுண்டு. 1904-ல் கோர்டன் ஹோம்ஸ் விவரித்ததால் அவர் பெயரால் ஹோம்ஸ் நடுக்கம் என்கிறார்கள். "பக்கவாதம் வந்து ஆறு மாசம் ஆச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. சம்பந்தம் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது.

இன்னொன்று, தொழுகையின்போதே தெரியவரக் கூடியது. தராவீஹில் நிலையில் நிற்கும்போது கால்கள் நிலைகொள்ளாமல், விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும். உட்கார்ந்தால் சரியாகிவிடும், நடந்தாலும் சரியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. "நல்லாத்தானே நடக்கிறார், நிற்க மட்டும் சோம்பேறித்தனம்" என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நிற்கும்போது மட்டும் கால் தசைகள் நொடிக்கு 13 முதல் 18 முறை அதிரும் ஒரு நடுக்கம் உண்டு. அதற்கு நிற்கும் நடுக்கம் என்று பெயர். 1984-ல்தான் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு வேகமானதால், மருத்துவர்கள் தொடையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள். தூரத்தில் ஹெலிகாப்டர் பறப்பது போல் சத்தம் வரும். தசையின் மின்னோட்டப் பரிசோதனையில் உறுதியாகும். நாற்காலியில் தொழும் ஒருவரை ஏளனமாகப் பார்க்கும் முன் இதை நினைவில் கொள்வோம்.

2. எவ்வளவு நாளாக?

வருடக் கணக்கில் மெதுவாக வளர்ந்த நடுக்கத்தை நிதானமாகக் காட்டலாம். சில நாட்களிலோ சில மணி நேரத்திலோ வந்தது என்றால் தாமதம் கூடாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவருக்குத் திடீரென நடுக்கம், வியர்வை, பசி, குழப்பம் வந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பு கொடுங்கள். நோன்பு வைத்திருந்தாலும் அதை முறித்துவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவரைப் போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவது போல இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டு திடீர் திடீரென்று சரிந்து, பறவை சிறகடிப்பது போல் ஆடினால், அது உண்மையில் நடுக்கமே அல்ல. தசை நொடிப்பொழுது தளர்ந்து போவதால் வருவது. இரத்தத்தில் கழிவு சேர்ந்து மூளையைப் பாதிக்கிறது என்பதற்கு அடையாளம். கூடவே தூக்கக் கலக்கமோ, பேச்சில் தடுமாற்றமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

3. என்னென்ன மாத்திரை எடுக்கிறார்?

இந்தக் கேள்விதான் பல வீடுகளில் கேட்கப்படாமலே போகிறது. ஆனால் நடுக்கத்தை மிக எளிதாகச் சரி செய்ய வழி காட்டுவதும் இதுதான்.

தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, வாயு, நெஞ்செரிச்சலுக்கு அமில மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் லெவோசல்பிரைடு, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை மூளையில் டோபமைன் வேலை செய்வதைத் தடுக்கும். மாதக் கணக்கில் எடுத்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, அசல் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் விறைப்பும் வரலாம். பல நேரம் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் இரண்டு வருடம் வாங்கிச் சாப்பிடுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை மெட்டோகுளோப்ரமைடை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது இந்த நரம்புப் பாதிப்பை முன்னிட்டுத்தான். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நடுக்கம் குறையும், ஆனால் அதற்குப் பல மாதம் ஆகலாம். காரணம் புரியாமல் போனால், ஒரு மாத்திரையால் வந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேரும்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பிரான்சில் இருக்கும் உறவினர்கள் வரும்போது மருந்தும் கொண்டு வருவார்கள். அங்கே ப்ரிம்பெரான் என்பதும் இங்கே பெரினார்ம் என்பதும் ஒரே மெட்டோகுளோப்ரமைடுதான். அங்கே வென்டோலின், இங்கே அஸ்தாலின். இரண்டும் மூச்சிரைப்புக்கான சால்புட்டமால். அங்கே டெப்பகின், இங்கே வால்பரின். இரண்டும் வலிப்புக்கான வால்ப்ரோயேட். பெயர் வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இரண்டு மடங்கு எடுத்துவிட வாய்ப்புண்டு. சால்புட்டமால், வால்ப்ரோயேட் இரண்டுமே அளவு கூடினால் கையை நடுங்க வைக்கும். தைராய்டு மாத்திரை அளவு மிஞ்சினாலும், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் எடுத்தாலும், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸாலும் நடுக்கம் வரும். அமிலம் குறைக்கும் மாத்திரைகளை வருடக் கணக்கில் எடுத்தால் இரத்தத்தில் மக்னீசியம் குறைந்து நடுக்கம் வருவதும் உண்டு.

லித்தியம் எடுப்பவர்கள் தனிக் கவனம் வைக்க வேண்டும். சரியான அளவிலேயே விரல்களில் மெல்லிய நடுக்கம் இருக்கும். ஆனால் உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கோடை வெயில், வயிற்றுப்போக்கு, தண்ணீர் இல்லாத நீண்ட நோன்பு, இவற்றோடு மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் மாத்திரை சேர்ந்தால் ஆபத்து அதிகம். நடுக்கம் பெரிதாகி, வாந்தி, தள்ளாட்டம், குழறல் வந்தால் அது விஷமாகிவிட்டது என்று பொருள். உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். லித்தியம் எடுப்பவரும், பார்க்கின்சனுக்கு லெவோடோபா எடுப்பவரும், ரமளானுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தையும் மனநல மருந்தையும் திடீரென நிறுத்துவது நடுக்கத்தைவிட ஆபத்தானது.

இன்னொரு கேள்வியை மருத்துவர் கேட்பார்: மதுப் பழக்கம் உண்டா? நம் வீடுகளில் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். குடிப்பதை நிறுத்திய முதல் சில நாட்களில் வரும் நடுக்கம் வலிப்பிலும் மனக்குழப்பத்திலும் போய் முடியலாம். மருத்துவரிடம் மறைத்தால் இழப்பு நோயாளிக்குத்தான்.

4. எதோடு புழங்குகிறார்?

பாதரசம் நரம்பைத் தாக்கும் பழைய எதிரி. கோபுரத் தொப்பி காலத்து ஐரோப்பாவில், தொப்பி செய்யும் தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும். விலங்கு ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தியதே காரணம். நம் பக்கம் கொடைக்கானலில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை, கழிவு விவகாரம் வெளியானதும் 2001-ல் மூடப்பட்டது. உடல்நலம் கெட்டதாகத் தொழிலாளர்கள் நீண்ட காலம் போராடினார்கள். அதை ஒப்புக்கொள்ளாத இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டது.

இன்று பாதரசம் வீட்டுக்குள் வரும் வழிகள் வேறு. முகம் வெளுக்கும் என்று விற்கப்படும், தயாரிப்பாளர் முகவரி இல்லாத கிரீம்கள் ஒன்று. இவற்றைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-ல் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதே பாதரசம் நரம்பையும் பாதிக்கக் கூடியது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பஸ்பம், செந்தூரப் பொட்டலங்கள் இன்னொன்று. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போவது வேறு; பெயர் இல்லாத பொட்டலத்தை வாங்கி மாதக் கணக்கில் சாப்பிடுவது வேறு. கிரீமோ பொடியோ, அதையும் மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

5. குடும்பத்தில் வேறு யாருக்கு?

நடுக்கத்தின் பெயரால் ஒரு குடும்பமே காப்பாற்றப்படக் கூடிய இடம் இதுதான்.

பதினைந்து வயதுப் பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். நன்றாகப் படித்தவன், மார்க் குறைகிறது. கையெழுத்து கெடுகிறது. எரிந்து விழுகிறான். பேச்சு குழறுகிறது, வாயில் எச்சில் வடிகிறது. கையை விரித்தால் சிறகடிப்பது போல ஆடுகிறது. வீட்டில் சிலர் கண்ணேறு என்பார்கள், சிலர் சேர்க்கை சரியில்லை என்பார்கள். ஓதிப் பார்ப்பார்கள். மாதங்கள் போகும். துஆ செய்வதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடக் கூடாது. ஏனென்றால் இது வில்சன் நோயாக இருக்கலாம்.

1912-ல் கின்னியர் வில்சன் விவரித்த இந்த நோயில், உணவில் வரும் செம்பைக் கல்லீரல் வெளியேற்ற முடியாமல் போகிறது. செம்பு முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் சேர்கிறது. சிறு வயதில் காரணம் தெரியாத மஞ்சள் காமாலை வந்திருக்கலாம். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு நிற வளையம் தெரியலாம். கண் மருத்துவர் தன் கருவியால் பார்த்தால்தான் பல நேரம் தெரியும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவும், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அளவும் பார்த்து உறுதி செய்வார்கள். இளம் வயதில் காரணம் தெரியாத நடுக்கம் வந்தால் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சிகிச்சை இருக்கிறது. 1956-ல் ஜான் வால்ஷே என்ற மருத்துவர் பெனிசிலமின் என்ற மருந்து செம்பை உடலிலிருந்து இழுத்து வெளியேற்றும் என்று காட்டினார். துத்தநாக மருந்தும் உண்டு. ஈரல், முந்திரி, பாதாம், சாக்லேட், காளான், சிப்பி, நண்டு ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். செம்புப் பானைத் தண்ணீர் கூடாது. மருந்து ஆயுள் முழுக்க வேண்டும். நலமாகிவிட்டான் என்று நிறுத்தினால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் நம் சமூகத்திலும் தென்னிந்தியாவில் பிற சமூகங்களிலும் உண்டு. அந்தக் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது. இதில் யாரையும் பழி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு உறுதியானால், அவனுடைய ஒவ்வொரு கூடப்பிறந்தவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஓடியாடி விளையாடும் தங்கைக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். அறிகுறி வருமுன் மருந்து தொடங்கினால் அவளுக்கு நோய் வராமலே தடுக்கலாம்.

இன்னொரு குடும்பத்தை நினையுங்கள். அறுபதைத் தாண்டிய நன்னாவுக்குக் கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், மறதி. அவர் மகளுக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டது. மகளின் பையனுக்குப் பேச்சும் அறிவு வளர்ச்சியும் தாமதம். மூன்றும் தனித்தனிக் கவலையாகத் தெரியும். மூன்று மருத்துவரிடம் மூன்று சீட்டு இருக்கும். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சில எழுத்துகள் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே அது. பேரனிடம் முழுமையாகத் தெரிந்தால் ஃப்ராஜைல் எக்ஸ் என்று பெயர். நன்னாவிடம் வரும் நடுக்கம் அதன் இலேசான மாற்றத்தால் வருவது. பேரப்பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள், தாத்தாக்களின் கை நடுங்குவதைக் கவனித்து, 2001-ல்தான் இதை வெளியிட்டார்கள். நன்னாவின் நடுக்கத்துக்கு முழுத் தீர்வு இல்லை. ஆனால் பெயர் தெரிந்தால் மற்ற மகள்மார் குழந்தை பெறுவதற்கு முன் மரபணு ஆலோசனை பெறலாம்.

மருத்துவரிடம் போகும் முன்

ஒரு பையை எடுங்கள். வீட்டில் அவர் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பிரான்சிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்தவையும், பொடியும், கிரீமும் அதில் போடுங்கள்.

செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள்: கையை மடியில் வைத்து, கையை முன்னால் நீட்டி, மூக்கைத் தொட்டு, ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, எழுந்து நின்று, பத்தடி நடந்து. ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு, தன் பெயரையும் ஒரு சுருள் கோட்டையும் வரையச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் வரையச் சொன்னால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு தாளில் குடும்பத்தை எழுதுங்கள்: யாருக்கு நடுக்கம், யாருக்குக் கல்லீரல் நோய், எந்தக் குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம், எந்தத் திருமணம் சொந்தத்தில் நடந்தது. இதைப் பெரும்பாலும் பெரியம்மாவோ மாமியோதான் சரியாகச் சொல்வார்கள். அவர்களையும் கேளுங்கள்.

பிறகு ஜிப்மரிலோ வேறு மருத்துவமனையிலோ நரம்பியல் பிரிவுக்குப் போய், இவற்றை மருத்துவர் முன் வையுங்கள். அவர் பார்த்துவிட்டு, "பரம்பரை நடுக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லலாம். அதுவே பெரிய நிம்மதி. ஒரு மாத்திரையை மாற்றச் சொல்லலாம். பிள்ளையின் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லலாம். எதுவாக இருந்தாலும், "வயசாச்சுல்ல" என்று டீக்கடையில் முடிந்துபோன பேச்சைவிட அது மேல்.

அடுத்த முறை வாப்பாவின் கையில் டீ கிளாஸ் ஆடும்போது, பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்பலேர்ந்து வாப்பா?" என்று கேளுங்கள். வல்ல இறைவன் நம் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பூரண நலம் தருவானாக.